பின்கோடு: பார்சல் அனுப்ப ஆரம்பிக்கிறவங்க பண்ற தப்பு

போன வாரம் எங்க தெருவுல புதுசா சோப்பு பிசினஸ் ஆரம்பிச்ச பொண்ணு லேப்டாப்ப தூக்கிட்டு வந்து, "அக்கா, பில்லு போடற இந்த ஷீட் சரியா இருக்கான்னு பாருங்களேன்"னா. பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. 2018ல நான் போட்டு வெச்ச அதே ஃபார்முலா, பின்கோடு 605ல ஆரம்பிச்சா புதுச்சேரி, 607ல ஆரம்பிச்சா தமிழ்நாடு. புதுச்சேரி முத்தியால்பேட்டைலருந்து கைக்காகித நோட்டு அனுப்புறவ நான், இத சொல்லாம விட மனசு வரல. நம்பர் மாத்தி அடிக்கிறது, எழுத மறக்கிறது பத்தி பேசல, ரெண்டு பார்சல் திரும்பி வந்தா அதுவே சரியாயிடும்.

பின்கோட வெச்சு மாநிலத்த முடிவு பண்ணாதீங்க

1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு கொண்டு வந்ததே தபால் பிரிக்கிறதுக்கு. முதல் மூணு நம்பர் மூட்டை எந்த ஏரியாவுக்கு பிரியுதுன்னு சொல்லும், கடைசி மூணு எந்த ஆபீஸ்லருந்து டெலிவரின்னு சொல்லும், அவ்ளோதான். நெறைய ஊர்ல இதுவும் மாநில எல்லையும் ஒத்துப்போயிடும், நம்ம பக்கம் போகாது. முத்தியால்பேட்டை 605003. இங்கருந்து நடந்தே போயிடலாம் கோட்டக்குப்பத்துக்கு, அது 605104, ஆனா விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. விழுப்புரம் டவுனே 605602 தான். அந்தப்பக்கம் பாகூர் 607402, பாத்தா கடலூர் நம்பர் மாதிரியே இருக்கும், ஆனா அசல் புதுச்சேரி, முள்ளோடை தாண்டினாதான் கடலூர். காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464, இது எல்லாமே புதுச்சேரி தான்.

பாகூர்ல ஒரு டீச்சர் மாசாமாசம் கோடு போடாத நோட்டு பத்து வாங்குவாங்க. ஷீட்டு 607ஐ பாத்து வெளி மாநிலம்னு ஐஜிஎஸ்டி போட்டுச்சு. கோட்டக்குப்பத்து கடைக்காரருக்கு 605ஐ பாத்து உள்ளூர்னு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு பிரிச்சு போட்டுச்சு. ரெண்டுமே தலைகீழ். நானும் ஷீட்டு சொல்றது சரின்னு ஒரு வருஷம் அப்டியே பில்லு போட்டு, அப்டியே ரிட்டர்னும் ஃபைல் பண்ணி, கடைசில ஆடிட்டர் ஒவ்வொரு பில்லா பேனாவால வட்டம் போட்டு காட்டினப்ப தான் தெரிஞ்சுது. சரியான வரிய மறுபடி கைலருந்து கட்டணும், தப்பா கட்டினதுக்கு தனியா ரீஃபண்ட் போட்டு காத்திருக்கணும். சின்ன வியாபாரத்துல அந்தப் பணம் தான் அடுத்த மாச பேப்பருக்கு வெச்சிருந்தது. இன்னிக்கு நெனச்சாலும் எரியுது, அதுவும் எல்லாரும் அதே குழில விழறத பாக்கும்போது.

ஷீட்டுல மாநிலத்துக்கு தனி காலம் (column) போடுங்க. வாங்கறவங்ககிட்டயே கேட்டு நெரப்புங்க. ஜிஎஸ்டில மாநில நம்பர் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. பின்கோட பாத்து அத ஊகிக்கிற ஃபார்முலா எதுவும் வேணாம்.

பக்கத்து நம்பர்னா பக்கத்து ஊரு இல்ல

சென்னைல 600040 அண்ணா நகர், 600041 திருவான்மியூர். ஒண்ணு அந்தக் கோடி, ஒண்ணு இந்தக் கோடி. பின்கோடு வர்றதுக்கு முன்னாடியே மெட்ராஸ் 4, மெட்ராஸ் 17னு எழுதுவாங்க, அந்தப் பழைய நம்பர் தான் மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017னு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நம்பர பாத்து 'ஒரே ரூட்டு தானே'ன்னு ஆள் அனுப்பிடாதீங்க.

600னா சென்னை மாவட்டம்னு எழுதாதீங்க

தாம்பரம் 600045, செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி 600054, திருவள்ளூர்.

வெறுமனே கடலூர்னு போடாதீங்க

கடலூருக்குள்ளயே மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, ஓ.டி. (ஓல்டு டவுன்) 607003.

வீட்டுக்கு கிட்ட இருக்குற போஸ்ட் ஆபீஸ் நம்பர போடாதீங்க

எல்லா போஸ்ட் ஆபீஸ்லயும் டெலிவரி கெடையாது. சிலதுல ஸ்டாம்பு, சேமிப்பு, புக்கிங் மட்டும் தான், போஸ்ட்மேன் வேற ஆபீஸ்லருந்து வருவாரு. உங்க தெருவுக்கு வர்றவர நிறுத்தி 'எங்கருந்துண்ணே கெளம்புறீங்க'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, அந்த ஆபீஸ் நம்பர் தான் உங்களுது.