ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகளைக் கொட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ரேஷன் அரிசி வாங்குபவர்களில் சிலர், களையும்போது மேலே மிதக்கும் வெளுத்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து கொட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் செய்தது. 100 கிலோ சாதா அரிசிக்கு இந்த மணிகள் 1 கிலோ கணக்கில் கலந்திருப்பார்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு வேண்டிய சத்து அது. (தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

முறத்தில் புடைத்து, கல்லும் வண்டும் பொறுக்கியபின் விரல்களால் லேசாக அலசி இரண்டு முறை களைந்தால் போதும். தண்ணீர் தெளியும்வரை கசக்கினால் சத்துதான் போகும். களைந்த தண்ணீரை வடிக்கும்போது மிதக்கும் மணிகளைக் கையால் தடுத்துக்கொள்ளுங்கள்.

லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் வீடுகளில் இரண்டாவது கழுநீரை வீணாக்க வேண்டாம். காசிமேட்டில் வாங்கிய மீனைக் கல்லுப்பு போட்டு அதில் அலசுங்கள், கவிச்சி குறையும்.

அப்புறம், புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே வேகவிடுங்கள். கேஸ் மிச்சமாகும். வடித்த கஞ்சியையும் உப்பு போட்டுக் குடித்துவிடலாம்.