சிங்கப்பூர் போறீங்களா? புது சிம் அப்புறம், மொதல்ல ஊர் நம்பரைக் காப்பாத்துங்க

வேலை கெடச்சு ஐபிஏ லெட்டர் (ஒர்க் பாஸ் தர சம்மதம்னு சிங்கப்பூர் அரசு குடுக்கற கடிதம்) கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்குறது சிங்கப்பூர்ல எந்த சிம் நல்லாருக்கும்னு தான். அது அரை மணி நேர வேலைங்க. கஷ்டமே ஊர் நம்பரைச் சாகவிடாம வச்சிருக்கறதுல தான் இருக்கு. பேங்க் ஓடிபி, இன்கம்டாக்ஸ், பிஎஃப்னு எல்லாம் அந்த நம்பரைத்தான் புடிச்சுத் தொங்குது, ஆதார் ஓடிபியும் இந்திய நம்பருக்குத்தான் வரும்.

கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க சிம் கம்பெனி ஆப்ல போய் இன்டர்நேஷனல் ரோமிங் ஆன்ல இருக்கான்னு பாத்துருங்க, ரோமிங் பேக் எதுவும் வாங்க வேணாம், ரோமிங் ஆன்ல இருந்தா போதும், ஏன்னா வர்ற எஸ்எம்எஸ்சுக்குப் பொதுவா காசு கெடையாது, நமக்கு வேண்டியது ஓடிபி மட்டும் தானே. ஆனா வர்ற காலை எடுத்தீங்கன்னா காசு போகும். அம்மா பழக்கத்துல பழைய நம்பருக்கே அடிப்பாங்க, எடுக்காதீங்க, கட் பண்ணிட்டு வாட்ஸப்ல கூப்பிடுங்க. வாட்ஸப்பை நம்பர் மாத்தாம அப்படியே விடலாம், புது சிம்மோட டேட்டாவுல பழைய நம்பர் வாட்ஸப் நல்லாவே ஓடும்.

அடுத்தது ரீசார்ஜ். டிராய் (இந்தியாவோட டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம்) ரூல்படி ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் எதுக்குமே யூஸ் பண்ணாம விட்டு, பேலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழ இருந்தா நம்பரை கட் பண்ணிடலாம், கொஞ்ச நாள் கழிச்சு அது வேற யாருக்காச்சும் போயிரும், அப்புறம் உங்க பேங்க் ஓடிபி யாரோ ஒருத்தர் போனுக்குப் போகும். முன்னாடி டேட்டாவோட சேத்து தான் பேக் போடணும்னு இருந்துச்சு, டிராய் சொன்னதுக்கப்புறம் 2025 ஜனவரியில கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கற பேக்கும் வந்துருச்சு, ஒரு வருசத்துக்கு வர்ற மாதிரியும் இருக்கு. அதப் போட்டுட்டுக் கெளம்புங்க. முடியற தேதிய காலண்டர்ல போட்டு வைங்க, வீட்ல யாராச்சும் ஜிபே-ல போட்டுக் குடுப்பாங்க.

இசிம் (அட்டை இல்லாம போனுக்குள்ளயே ஏத்திக்கற சிம்) பத்தி என்னோட கருத்து: ஊர் நம்பரை பிளாஸ்டிக் சிம்மாவே வச்சுக்கங்க, சிங்கப்பூர் நம்பரை இசிம்மா வாங்குங்க. பலபேர் தலைகீழா பண்றாங்க. போன் கீழ விழுந்து செத்துப்போச்சுன்னா பிளாஸ்டிக் சிம்மை உருவி வேற போன்ல போட்டுக்கலாம், ஊர் நம்பரே இசிம்மா இருந்தா வெளிநாட்டுல இருந்துக்கிட்டு திரும்ப வாங்குறதுக்குள்ள தாவு தீந்துரும். உங்க போன் இசிம் எடுக்குமான்னு *#06# அடிச்சா தெரியும், இஐடின்னு ஒரு நீள நம்பர் வந்தா எடுக்கும்.

எறங்கினதும் சாங்கி ஏர்போர்ட் வைஃபைல வீட்டுக்குச் சொல்லிட்டு சிம் வாங்கிக்கலாம். ஏர்போர்ட்லயே கெடைக்கும், செவன் லெவன் கடைங்கள்லயும் கெடைக்கும், லிட்டில் இந்தியா பக்கம் போனா தமிழ்லயே பேசி வாங்கலாம். ஒர்க் பாஸ் கார்டு வர்ற வரைக்கும் பாஸ்போர்ட் காட்டி ப்ரீபெய்டு தான், ஒரு ஆளுக்கு மொத்தமே 3 ப்ரீபெய்டு சிம் தான் தருவாங்க. கார்டு வந்ததும் கான்ட்ராக்ட் இல்லாத சிம் ஒன்லி பிளானுக்கு மாறிடுங்க. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா நாலும் சொந்த நெட்வொர்க் வச்சிருக்கற கம்பெனிங்க, சர்க்கிள்ஸ் லைஃப் மாதிரி மத்தவங்க அவங்ககிட்ட வாடகைக்கு எடுத்து ஓட்டறவங்க. மாசம் 10 வெள்ளிக்கே (சிங்கப்பூர் டாலரைத்தான் வெள்ளின்னு சொல்வாங்க) தாராளமா டேட்டா குடுக்கற பிளான் இருக்கு, போனும் சேத்துத் தர்றோம்னு ரெண்டு வருச கான்ட்ராக்ட் நீட்டினா வேணாம்னு வந்துருங்க. சிங்பாஸ் (அரசு ஆன்லைன் சேவைக்கான லாகின்), பேநவ் (நம்ம யுபிஐ மாதிரி), அங்கத்த பேங்க் எல்லாத்துக்கும் ரொம்ப நாள் வச்சுக்கப் போற நம்பரை மட்டும் குடுங்க.

ரெண்டு சிம்மும் போட்டாச்சா, இப்ப செட்டிங்ஸ். டேட்டா சிங்கப்பூர் சிம்ல, ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். ஐபோன்ல டேட்டா ஸ்விட்சிங்னு ஒண்ணு இருக்கும், அதையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா டேட்டா ரோமிங் தெரியாம ஆன்ல இருந்துட்டா சிக்னல் கொறையும்போது அதுவா ஊர் சிம் டேட்டாவுக்குத் தாவும். ஐமெசேஜும் ஊர் நம்பர்ல ஆக்டிவேட் ஆகறதுக்கு நமக்குத் தெரியாமலே வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், பேலன்ஸ் எங்க போச்சுன்னு தேடறவங்களுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஓடிபி வரலையா? ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்க. அப்பவும் வரலைன்னா ஊர் சிம்மோட நெட்வொர்க் செலக்ஷன்ல ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டு சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1னு ஒவ்வொண்ணா நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்க, முக்காவாசி இதுலயே சரியாயிடும். அவசரமா பணம் அனுப்பும்போது தேடிட்டு இருக்காம வந்த மொத நாளே ஒரு ஓடிபி போட்டு டெஸ்ட் பண்ணிடுங்க. என்ஆர்இ, என்ஆர்ஓ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களுக்கான பேங்க் அக்கவுண்ட்) இருந்தா சிங்கப்பூர் நம்பர்லயே யுபிஐ வச்சுக்கலாம், 2023ல இருந்து அனுமதி இருக்கு, உங்க பேங்க் தருதான்னு கேட்டுக்கங்க.

இன்னொண்ணு, +65னு போட்டு கால் வந்தா அது வெளிநாட்டுல இருந்து வர்றது. உள்ளூர் காலுக்கு முன்னாடி பிளஸ் வராது. எம்ஓஎம்ல (ஒர்க் பாஸ் குடுக்கற சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம்) இருந்து பேசறேன், பாஸ் கேன்சல் ஆயிரும்னு மெரட்டினா வச்சுருங்க. அப்புறம் கூட வேலை பாக்கறவரு, ரூம்மேட்டு, "உன் பேர்ல ஒரு சிம் எடுத்துக் குடு, 50 வெள்ளி தர்றேன்"னு கேட்டா சுத்தமா வேணாம். 2025 ஜனவரி 1ல இருந்து அதுக்குத் தனிச்சட்டமே இருக்கு, அந்த சிம்மை வச்சு யாராச்சும் மோசடி பண்ணா உங்களுக்கு ஜெயில் வரைக்கும் போகும்.