பரிசலில் மீன் பிடிக்கக் கைவலை: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி ஊருக்கு எதிரே, பரிசலிலிருந்து ஒரு முழ தூரத்தில், நல்ல கட்லா ஒன்றை நான் தவறவிட்டேன். தூண்டில் பெரியப்பா கையில் இருந்தது, வலை என் கையில். மீன் களைத்துப்போய் மேலே வந்ததும், ஆசையில் வாலுக்குப் பின்னாலிருந்து அள்ளப் பார்த்தேன். வளையத்தின் கம்பி வாலில் பட்டது. பட்ட வேகத்தில் அது முன்னால் பாய்ந்தது, தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பெரியப்பா திட்டவில்லை. “வலையைத் தண்ணீரில் ஆடாமல் வைத்துக்கொள், அது போதும். மீனை நான் கொண்டுவந்து விடுகிறேன்” என்றார். இந்த விளக்கம் முழுவதும் அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

கைவலை என்றால் வளையமும் கைப்பிடியும் வைத்த சிறிய வலை. தூண்டில் கடைகளில் லேண்டிங் நெட் என்று கேளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை மீனின் எடையைத் தண்ணீரே தாங்குகிறது. மேலே தூக்கிய உடனே முழு எடையும், துள்ளலின் உதறலும் தூண்டில் நரம்பின் மீது விழுகின்றன. நரம்பு அறுவதும் முள் கழல்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அந்தச் சுமையை நரம்பிடமிருந்து வாங்கிக்கொள்ளவே இந்த வலை.

போவதற்கு முன் ஒன்று. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் தேவை. உரிமம் உள்ள மீனவர் ஒருவரோடு போவது புதியவருக்கு எல்லா வகையிலும் நல்லது. உயிர்காப்பு உடை இல்லாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள்.

வலையை வாங்கும்போது

கைப்பிடியிலிருந்து தொடங்குங்கள். கரையில் நின்று பிடிப்பவருக்கு ஆறடி நீளம் உதவும். பரிசலில் அது இடைஞ்சல். பரிசலின் விளிம்பு தண்ணீரிலிருந்து ஓரிரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது, நீங்களும் உட்கார்ந்துதான் இருக்கப்போகிறீர்கள். மூன்று அடி, மிஞ்சினால் நான்கு அடி போதும். நீளம் கூடினால் துடுப்பில் இடிக்கும், பின்னால் இருப்பவர் மேல் படும்.

வளையத்தின் விட்டம் ஏறத்தாழ இரண்டு அடி இருக்கட்டும். மேட்டூரில் அதிகம் கிடைக்கும் கட்லாவுக்குத் தலையும் பெரிது, உடலும் அகலம். சிறிய வளையத்தில் தலை நுழைந்து உடல் வெளியே தொங்கும், அப்படியே திரும்பிப் போய்விடும். (கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கை பாயும் பக்கத்து மீன்கள். காவிரியில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. இன்று நம் சேலத்துச் சந்தையில் அவற்றை யாரும் வெளியூர் மீன் என்று சொல்வதில்லை.)

பையின் ஆழத்தைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. குறைந்தது ஒன்றரை முழம் வேண்டும். ஆழம் இருந்தால், மீன் உள்ளே விழுந்ததும் கைப்பிடியை அரைச் சுற்று திருப்பிப் பையின் வாயை மூடிவிடலாம். ஆழமில்லாத பையிலிருந்து மீன் ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும்.

கண்ணிகள் முடிச்சில்லாமல் பின்னியதாகவோ ரப்பர் பூசியதாகவோ இருப்பது நல்லது. விலை சற்றுக் கூடும், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முடிச்சுள்ள நைலான் மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பான பூச்சைத் துடைத்து, செதிலையும் பெயர்த்துவிடும். சிறிய மீனைத் திரும்பத் தண்ணீரில் விட நினைத்தால், அந்தப் பூச்சுதான் அதற்கு நோயிலிருந்து காப்பு. கெளுத்தியின் முட்கள் மெல்லிய நைலானில் சிக்கினால், எடுப்பதற்குள் கையும் புண்ணாகும், வலையும் கிழியும். ஜிலேபி மீனின் முதுகு முள்ளும் அப்படித்தான்.

பரிசலின் குணம்

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. மீன் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் சுழலும். உங்கள் வலப்பக்கம் இருந்த மீன் இரண்டு நொடியில் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அதனால் மூன்று பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தூண்டில், ஒருவர் வலை, துடுப்புக்காரர் பரிசலைச் சுழலாமல் பிடிப்பதற்கு மட்டும். தூண்டில்காரரும் வலைக்காரரும் ஒரே பக்கம் சாய்வதால் துடுப்புக்காரர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. மீன் வந்த மகிழ்ச்சியில் எழுந்தவர்களால்தான் பரிசல் கவிழ்கிறது. ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் நீர்த்தேக்கத்தில் அலை எழும். அப்போது கரையிலேயே இருந்துவிடுங்கள்.

மீனை வலைக்குள் வாங்குவது

மீன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது வலையைக் காட்டாதீர்கள். நிழலைக் கண்டாலே மறுபடி ஆழத்துக்குப் போகும். அது பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டி, வாயை மெல்லத் திறந்து மூடும் வரை பொறுங்கள்.

பிறகு சத்தமில்லாமல் வளையத்தைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். முன்விளிம்பு ஒரு சாண் ஆழத்தில் இருக்கட்டும், பை நனைந்து கீழே தொங்கட்டும். உலர்ந்த பை காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும், மீன் அதன் மேல் வழுக்கிப் போய்விடும். இனி உங்கள் கை அசையக் கூடாது. தூண்டில்காரர் கம்பை உயர்த்தி, மீனின் தலையை வளையத்தின் மேல் கொண்டுவருவார். தலைதான் முதலில். மீனால் முன்னோக்கித்தான் பாய முடியும், பயந்து பாய்ந்தாலும் பைக்குள்ளேயே பாயும். தலை, செவுள், பாதி உடல் வளையத்தைத் தாண்டியதும் வலையை நேராக மேலே உயர்த்துங்கள். அதே நொடியில் தூண்டில்காரர் நரம்பைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

தனியாக இருந்தால் கம்பை இடக்கையில் தலைக்கு மேல் பின்னோக்கிச் சாய்த்து, வலக்கையில் வலையைப் பிடிக்க வேண்டும். நரம்பைக் கம்பின் நீளத்துக்கு மேல் வெளியே விட்டிருந்தால் மீன் கைக்கு எட்டாது.

தூக்கும்போது மண்வெட்டியால் மண் அள்ளுவதுபோல் கைப்பிடியின் நுனியைப் பிடித்து நெம்பாதீர்கள். மூன்று கிலோவுக்கு மேல் போனால் கைப்பிடி வளையும், இல்லாவிட்டால் வளையம் சேரும் இடத்தில் உடையும். வலையைப் பரிசல் ஓரத்துக்கு இழுத்து, வளையத்தையே இரு கைகளாலும் பற்றி உள்ளே கொண்டுவாருங்கள்.

வாளை வந்தால் முறை மாறும். அதன் வாயில் வரிசை வரிசையாகக் கூரிய பற்கள். வலைக்குள் இருக்கும்போதே குறடால் முள்ளை எடுங்கள். விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பழக வேண்டுமா? மட்டையோடு ஒரு தேங்காயில் பத்தடி கயிறு கட்டி ஏரியிலோ கிணற்றுத் தொட்டியிலோ மிதக்க விடுங்கள். ஒருவர் கயிற்றை இழுக்க, நீங்கள் உட்கார்ந்தபடி வலையை ஆடாமல் பிடித்து உள்ளே வாங்குங்கள். இருபது முறை செய்தால் கை அவசரப்படுவதை விட்டுவிடும். என் தம்பி மகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாளே ஒன்றரைக் கிலோ ரோகுவைத் தலைமுதல் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும்

நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நைலான் வெயிலில் நைந்துபோகும். வலை கைதவறி விழுந்தால் மூழ்கிவிடாமல் இருக்க, மூடிய காலிப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கைப்பிடியில் கட்டிவையுங்கள். மடக்கு வலையானால் வளையத்தைக் கைப்பிடியோடு பூட்டும் திருகாணி தானாகவே தளரும். அடுத்த முறை கிளம்பும் முன் அதை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.