ஒரே பெயர், வேறு போன்: வெளிநாட்டில் ஸ்மார்ட்போன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன மொழி கற்பவர்களும், படிப்புக்கோ வியாபாரத்துக்கோ சீனா, தைவான், ஹாங்காங் பக்கம் போகிறவர்களும் போன் வாங்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, "இதில் சீன எழுத்து வருமா?" என்பதுதான். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்வி. அந்த நாட்டு மென்பொருள் ஏற்றப்படாத போனில் குறுஞ்செய்தி முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இன்று எந்த நாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனானாலும் ஐபோனானாலும் சீன எழுத்து தெரியும், தட்டச்சும் செய்யலாம். இப்போது கேட்க வேண்டியது வேறு: இந்தப் போன் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது? அதைக் கேட்காமல் விடுவதில்தான் பணம் போகிறது.

எழுத்துக்காகவே சீனப் போன் வாங்குவது

சீனச் சந்தைக்கான ஆண்ட்ராய்டு போன்களில் மெனு பெரும்பாலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும். தமிழ் மெனுவை எதிர்பார்க்க வேண்டாம். தமிழில் வரும் செய்திகளைப் படிக்கத் தடை இருக்காது, அவ்வளவுதான். பெரிய சிக்கல் கூகுள். சீனப் பெருநிலத்தில் (ஹாங்காங், மக்காவ் நீங்கலான சீனாவில்) கூகுள் சேவைகள் முடக்கப்பட்டிருப்பதால் அங்கே விற்கும் போன்களில் பிளே ஸ்டோர் இருக்காது. சில நிறுவனங்களின் போன்களில் அமைப்புகளுக்குள் போய் கூகுள் சேவைகளை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை அந்தப் போன்களின் மென்பொருள் அடிக்கடி நிறுத்திவிடும். செய்தி வந்ததே ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சீன நிறுவனமான வாவேயின் (Huawei) கதை வேறு. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடைக்குப் பிறகு அந்நிறுவனம் புதிதாக வெளியிட்ட போன்கள், எந்த நாட்டில் வாங்கினாலும், கூகுள் சேவைகள் இல்லாமலேயே வருகின்றன.

சீனத்தில் தட்டச்சு செய்ய ஐபோனின் சொந்த விசைப்பலகையோ ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டோ போதும். ஒலிப்பை ரோமன் எழுத்தில் அடிக்கும் பின்யின், தைவானில் பழக்கமான சூயின், ஹாங்காங்கில் பலர் பயன்படுத்தும் சாங்ஜியே, விரலால் எழுதும் முறை எல்லாம் இரண்டிலும் உண்டு. இங்கே இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, எளிமையாக்கப்பட்ட எழுத்தா, மரபெழுத்தா என்று பார்க்காமல் விசைப்பலகையைச் சேர்ப்பது. பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் முதலாவது; தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றிலும் இரண்டாவது. மற்றொன்று, மொழிக் கோப்பை அங்கே போய் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. ஜிபோர்டின் கோப்புகள் கூகுளிடமிருந்து வருபவை. விமானம் ஏறும் முன்பே இறக்கி, இணையத்தை அணைத்துவிட்டு நாலு வரி அடித்துப் பார்த்துவிட வேண்டும். இணையம் இல்லாமல் மொழிபெயர்க்க உதவும் கோப்புக்கும் இதே விதிதான்.

சீனம் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் சீனமும் ஜப்பானியமும் பல எழுத்துகளுக்கு ஒரே குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதைப் போனின் மொழிப்பட்டியல் முடிவு செய்கிறது. 'எலும்பு' என்பதற்கான எழுத்தைப் பாருங்கள். அதன் மேல்பகுதிக்குள் இருக்கும் சின்ன மூலை சீனப் பெருநில வடிவத்தில் இடப்பக்கம் இருக்கும், ஜப்பானிய வடிவத்தில் வலப்பக்கம். பட்டியலில் சீனம் இல்லாவிட்டாலோ, ஜப்பானியம் அதற்கு மேலே இருந்தாலோ தவறான வடிவத்தைப் பார்த்து எழுதிப் பழகிவிடுவீர்கள். மெனு எந்த மொழியில் இருந்தாலும் இரண்டாவது மொழியாகச் சீனத்தைச் சேர்த்துவிட்டால் போதும். இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை.

'5ஜி போன்தானே' என்று நினைப்பது

எழுத்து மென்பொருள் சமாசாரம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அலைவரிசை அப்படியல்ல. அது போனுக்குள் இருக்கும் ஆன்டெனாவையும் சில்லுகளையும் பொறுத்தது. 4ஜியிலும் 5ஜியிலும் ஒவ்வொரு நாட்டு செல்போன் சேவை நிறுவனமும் வெவ்வேறு பேண்டுகளை, அதாவது எண்ணிட்ட அலைவரிசைத் தொகுதிகளை, பயன்படுத்துகிறது. சைனா மொபைலின் 5ஜி முக்கியமாக என்41 பேண்டில் ஓடுகிறது. சைனா யூனிகாமும் சைனா டெலிகாமும் என்78ஐப் பயன்படுத்துகின்றன. ஜப்பானின் டோகோமோவுக்கு என்79 முக்கியம். அமெரிக்காவில் டி-மொபைலின் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பேண்ட் 71 வேண்டும், வெரைசனுக்கு 13.

சீனச் சந்தைப் போன்கள் பலவற்றில் இந்த 71, 13 போன்றவை விடுபட்டிருக்கும். அதற்காக அமெரிக்காவில் அந்தப் போன் செத்துக் கிடக்காது; அதுதான் ஏமாற வைக்கிறது. வேறு பேண்டுகளைப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குள் நன்றாகவே வேலை செய்யும். சுவரைத் துளைத்து உள்ளே வருவதும், தொலைதூரம் பரவுவதும் தாழ்ந்த அலைவரிசைகள். அவை போனில் இல்லாததால், கட்டடத்துக்குள் நுழைந்தாலோ ஊரைத் தாண்டினாலோ சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். குறை கூறுபவர்கள் சேவை நிறுவனத்தைத்தான் திட்டுவார்கள்.

சரிபார்க்கப் போனின் பெயர் உதவாது, மாடல் எண்தான் உதவும். சாம்சங் கேலக்ஸி எஸ்23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளுக்கான பொதுப் போன் எஸ்எம்-எஸ்911பி. அமெரிக்கப் போனில் கடைசி எழுத்து யு, கொரியப் போனில் என். சீனா, ஹாங்காங், தைவான் போனின் எண் எஸ்எம்-எஸ்9110. நான்குக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. அதிலும் ஒரு திருப்பம்: அந்த 9110 ஹாங்காங்கில் கூகுளோடு வரும், பெருநிலத்தில் கூகுள் இல்லாமல் வரும். ஆகவே மாடல் எண்ணோடு எந்த நாட்டுப் பெட்டி என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு, போகும் நாட்டு நிறுவனத்தின் பேண்டுகளையும் அந்த மாடலின் பேண்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

இணையம் வருகிறது, அழைப்பு போகவில்லை

இது புதுத் தலைவலி. 3ஜி சேவையை உலகம் முழுக்க மூடி வருகிறார்கள். அமெரிக்காவில் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022இல் மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 அன்று மூடத் தொடங்கின. இனி குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்ட்இ வசதி இருந்தால் மட்டும் போதாது. அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் வேலை செய்யும்படி போனில் அமைப்புகளும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய போனில் அவை இல்லாமல் போகலாம். ஆஸ்திரேலியா இன்னும் கடுமை: அவசர எண் 000க்கு 4ஜியில் அழைக்க முடியாத போனை நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்கிலிருந்தே தடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் அந்நாட்டு நிறுவனம் ஏற்கும் போன்களின் பட்டியலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பூட்டுகளும் சிம்மும்

சேவை நிறுவனம் தவணையில் விற்கும் போன் மலிவாகத் தெரிந்தால், அது அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்து வெளிவந்த போன்களுக்கு இந்தப் பூட்டைத் தடை செய்துவிட்டார்கள். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. இன்னொரு பூட்டைப் பலர் அறிவதில்லை. சில சாம்சங் போன்களில், விற்ற பகுதியின் சிம்மைப் போட்டுச் சில நிமிடங்கள் பேசிய பிறகே மற்ற நாட்டுச் சிம் வேலை செய்யும். பெட்டியிலேயே இதை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். ஊருக்குக் கிளம்பிய பிறகு படித்து என்ன பயன்?

அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் ஐபோன் 14 முதல் சிம் செருகும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம். சீனப் பெருநில ஐபோனில் வழக்கமாக இரண்டு சிம் செருகலாம், இ-சிம் இருக்காது. பயணத்துக்கு இ-சிம் வாங்கிப் பழகியவருக்கு இரண்டாவது பொருந்தாது. சீனாவில் கடவுச்சீட்டைக் காட்டி, முகத்தையும் படம் பிடிக்கக் கொடுத்து உள்ளூர்ச் சிம் வாங்கப் போகிறவருக்கு முதலாவது பொருந்தாது. இடையில் ஒரு நல்ல செய்தி: வெளிநாட்டுச் சிம்மில் ரோமிங்கில் இருக்கும்போது இணையப் போக்குவரத்து சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகப் போவதால், சீனாவிலும் கூகுள் பொதுவாக வேலை செய்யும்.

போன் நன்றாக இருந்தும் நாடே தடுப்பதும் உண்டு. துருக்கியில் வெளிநாட்டுப் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பதிவு செய்து வரி கட்டாவிட்டால் 120 நாட்களுக்குப் பிறகு உள்ளூர்ச் சிம் அதில் ஓடாது. பாகிஸ்தான், இந்தோனேசியாவிலும் பதிவு முறை இருக்கிறது.

'குளோபல்' ஆக்கித் தரும் கடைக்காரர்

சீனப் போனை வாங்கி, தானே வேறு மென்பொருள் ஏற்றி, உலகச் சந்தைப் போன் என்று விற்கும் கடைகள் இணையத்தில் நிறைய. இதை நான் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். அப்டேட் நின்றுபோகும், வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும், உள்ளே வேறு என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. பெட்டியில் சீனம் மட்டும் அச்சாகி, போனில் நாற்பது மொழி மெனு இருந்தால் சந்தேகப்படுங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளின் 'அறிமுகம்' பகுதியில், சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று ஒரு வரி இருக்கும். அதையும் பாருங்கள்.

வாரண்டி பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் விற்கும் போன்களில் பொதுவாகக் கேமரா ஒலியை அணைக்க முடியாது என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கடையில் உங்கள் சிம்மையே போட்டு ஓர் அழைப்பு செய்யுங்கள். *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சீலை உடைத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால், மாடல் எண் பெட்டியின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பேண்டுகளைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம்.