எது மிதக்கும்? ஐந்தாம் வகுப்பு அறிவியலோடு தமிழ்99 தட்டச்சு பழகுவது எப்படி

சென்னை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். ஆங்கிலத்தில் விரல் தானாக ஓடும். தமிழில் நாலு வரி அடிக்கச் சொன்னால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் ஐந்தாம் வகுப்பு. பரீட்சை வந்தால் அவளுக்கு அறிவியலை ஒப்பிக்க வைக்க வேண்டும். தட்டச்சுக்குத் தனி நேரம், பாடத்துக்குத் தனி நேரம் என்று பார்த்தால் இரண்டும் நடக்கவில்லை. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் இரண்டையும் சேர்த்துவிட்டோம். ஒரு நாள் அவள் புத்தகம் பார்த்துச் சொல்வாள், நான் அடிப்பேன். மறுநாள் நான் சொல்வேன், அவள் அடிப்பாள். மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் விரல் பழகிவிட்டது. நாங்கள் செய்தது இதுதான்.

முதலில் விசைப்பலகை

விண்டோஸ் 11 இருந்தால் வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதற்குள் விசைப்பலகையாக ‘தமிழ் 99’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ‘தமிழ்’ என்று இருப்பது இன்ஸ்கிரிப்ட், அது வேறு அமைப்பு. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். எங்களிடம் இருப்பது என் தம்பி பிளஸ் டூ படித்தபோது வந்த விலையில்லா மடிக்கணினி, பழைய விண்டோஸ். அதில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் போட்டிருக்கிறோம், இலவசம்தான்.

‘அம்மா’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ammaa என்று அடித்தால் தமிழில் வருமே, அது போதாதா என்று கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தமிழ் படிக்கிற பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் ஆங்கிலமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். தமிழ்99, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய்யெழுத்து. க அடித்து இ அடித்தால் கி. ‘ஒளிச்சேர்க்கை’க்குப் பதினோரு தட்டு போதும்.

விசை மேல் ஒட்டுகிற தமிழ் ஸ்டிக்கர் வாங்காதீர்கள். ஸ்டிக்கர் இருந்தால் கண் கீழேயே இருக்கும். ஒரு தாளில் அமைப்பை எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

முதல் வாரம்: நடு வரிசை மட்டும்

நடு வரிசையில் இடமிருந்து வலமாக அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய. ஆங்கில எஃப் விசையில்தான் புள்ளி. அதன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். இடது ஆள்காட்டி விரல் அங்கே உட்கார வேண்டும்.

‘அஅஅ இஇஇ’ என்று பக்கம் பக்கமாக அடிக்கிற பயிற்சி எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாங்கவில்லை. அதற்குப் பதில் நடு வரிசை எழுத்துகளிலேயே முடிகிற அறிவியல் சொற்களைத் தேடினோம். இதயம், நகம், உப்பு, தும்பி, கப்பி, கம்பி எல்லாம் கிடைத்தன. ஒரு முழு வாக்கியமே கிடைத்தது: ‘எது மிதக்கும்?’ அன்றைக்கு அதை இருபது முறை அடித்தாள். அப்புறம் பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரை வாளியில் ஊற்றி உப்புக்கல், ஆணி, தீக்குச்சி, தேங்காய்ச் சிரட்டை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். சிரட்டை கவிழாமல் நின்றதைப் பார்த்து, “கட்டுமரம் மாதிரி இருக்குதும்மா” என்றாள். அந்தப் பாடத்தில் அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் மாட்டிக்கொண்ட இடம்

அதே பட்டியலில் ‘நதி’யையும் சேர்த்திருந்தேன். ந, த, இ என்று அடித்தால் ‘ந்தி’ என்று வந்தது. அழித்து அடித்தேன், மறுபடியும் ‘ந்தி’. “இன்னாம்மா, நதிக்குப் புள்ளி வைக்கிற?” என்று மகள் கேட்டாள். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்து மறுபடி நிறுவினேன். ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது.

கெட்டுப்போனது எதுவும் இல்லை. தமிழ்99இல் புள்ளி சில இடங்களில் தானாக விழும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி: ப, ப அடித்தால் ‘ப்ப’. மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தமிழ் இலக்கணத்தில் படித்த அதே இன எழுத்துகள்தான். பலகையிலும் இந்த ஜோடிகள் பக்கத்துப் பக்கத்து விசையில் இருக்கும்; க, ங மட்டும் நடுவரிசை கீழ்வரிசையாக. இதனால் ‘நண்டு’ நாலே தட்டில் வந்துவிடும்: ந, ண, ட, உ.

புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அ விசையைத் தட்ட வேண்டும். திரையில் ஒன்றும் மாறாது, ஆனால் அடுத்த எழுத்தோடு சேராமல் பிரித்துவிடும். ஆகவே,

நதி: ந, அ, த, இ
நத்தை: ந, அ, த, த, ஐ
பப்பாளி: ப, அ, ப, ப, ஆ, ள, இ

இந்த மூன்றையும் தினமும் முதல் ஐந்து நிமிடம் அடியுங்கள். பிள்ளை அழுது எழுந்துபோகிற இடம் இதுதான் என்பதால் முன்னாடியே பழக்கிவிடுவது நல்லது.

அடுத்து மேல் வரிசை, கீழ் வரிசை

இதற்குத் தாவரத்தின் பாகங்கள் போதும்: வேர், தண்டு, இலை, பூ, காய், விதை. ஆக்சிஜனில் வரும் ஜ, ஷிஃப்டோடு ஊ விசை.

சொல்லச் சொல்ல அடிப்பது

சிரமமும் பலனும் இங்கேதான் அதிகம். எங்கள் தண்டையார்பேட்டைப் பேச்சில் மழை ‘மய’ ஆகிவிடும், வாழைப்பழம் ‘வாயப்பயம்’. வலி, வளி இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும். ‘வளிமண்டலம்’ என்று அவள் சொன்னால் நான் ‘வலி’ அடித்துவிடுவேன். அதனால் சொல்கிறவர் எழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம்: “குண்டு ள”, “மூணு சுழி ண”, “பெரிய ற”. ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று வேறு விசை இருப்பதால், எழுத்துப் பிழை விரல் நுனியிலேயே பிடிபடுகிறது. நிலக்கரியில் சின்ன ர, காற்றில் பெரிய ற. இப்போது அவள் நோட்டிலும் அந்தப் பிழைகள் குறைந்திருக்கின்றன.

புத்தகத்தை மூடிவிட்டு

ஒரு மாதம் போன பிறகு, பார்த்து அடிப்பதை நிறுத்துங்கள். பாடத்தைச் சொந்த வாக்கியமாக அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் கோப்பிலிருந்து மூன்று:

‘பகலில் கடலை விட நிலம் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேல் சூடான காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். அதனால்தான் மத்தியானம் மாடியில் துணி பறக்குது.’

‘மீன் செவுளால் மூச்சு விடும். செவுள் சிவப்பாக இருந்தால் மீன் புதுசு என்று ஆயா பார்த்து வாங்கும்.’

‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டில் விசைப்படகு போகாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம்.’

இதில் புத்தக வரியும் இருக்கிறது, அவள் ஆயாவும் இருக்கிறார். இப்படி அடித்ததை அவள் மறக்கவில்லை. வேகத்தை நான் கணக்குப் பார்ப்பதில்லை. கீழே பார்க்காமல் ஒரு வாக்கியம் முடிந்தால் அன்றைக்குப் போதும்.

பிறகு சேர்த்தது

பேக்ஸ்பேஸ் தட்டினால் பாதி எழுத்து மட்டும் போகிறது என்று இதைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ‘கி’யில் ஒருமுறை தட்டினால் கொக்கி போய் ‘க’ நிற்கும். அந்த க சரியென்றால் அதை அழிக்காமல் வேறு உயிரை மட்டும் அடிக்கலாம்.

இன்னொருவர், கோப்பில் ‘வௌவால்’ என்று தேடினால் அகப்படவில்லை, கண்ணுக்குத் தெரிகிறதே என்று கேட்டிருந்தார். எங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன், அதிலும் அப்படியே. எ அடித்து, பக்கத்தில் தனியாக ள அடித்திருக்கிறோம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கணினிக்கு அது வேறு சொல். கீழ் வரிசையில் இடது ஓரத்து முதல் விசை ஔ. வ, ஔ, வ, ஆ, ல, புள்ளி என்று அடித்தால் தேடும்போது கிடைக்கும். எங்கள் கோப்பில் பதினொரு வௌவால்களையும் மகள் நேற்றுதான் உட்கார்ந்து திருத்தினாள்.