எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள்

என் பாய்மரப் படகு 36 அடி நீளம், 7 டன் எடை. 1980களின் தொடக்கத்தில் கட்டியது. உள்ளே இருந்த பெர்கின்ஸ் 4-108 டீசல் எஞ்சினுக்கும் அதே வயது. மலேசியாவின் லங்காவித் தீவில் கரையேற்றி, அதைக் கழற்றிவிட்டு பீட்டா 38 என்ற புதிய டீசல் எஞ்சினைப் பொருத்தினேன். டிசம்பரில் தொடங்கியது மார்ச் கடைசி வரை இழுத்தது. எஞ்சினோடு மல்லுக்கட்டியது அதில் ஒரு வாரம்கூட இருக்காது. மற்ற நாட்களை எல்லாம் எஞ்சினைச் சுற்றி இருப்பவை தின்றன.

முதலில், பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். பின்பக்க ஆயில் சீல் ஒழுகுவது 4-108இன் பிறவிக் குணம். ஒழுகல் மட்டும்தான் என்றால் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு ஓட்டலாம். நான் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். நீலப் புகை நிற்காமல் வந்து, நான்கு சிலிண்டர்களில் இரண்டில் கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் திறன்) விழுந்துவிட்டது என்று சோதனையில் தெரிந்த பிறகே கைவிட்டேன்.

குதிரைத்திறனுக்கு ஆசைப்படாதீர்கள். டன்னுக்கு 4 என்று வைத்தால் என் படகுக்கு 28 போதும். எதிர்க்காற்றுக்கும் மலாக்கா நீரிணையின் நீரோட்டத்துக்கும் சேர்த்துப் பார்த்தாலும் 38 தாராளம். “பழையது 50 ஆயிற்றே” என்றார் என் மச்சான். அந்த 50 உச்சச் சுற்றில் கிடைப்பது. அந்தச் சுற்றில் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை.

இனிதான் முக்கியமான வேலை. பணம் கட்டுவதற்கு முன், எஞ்சின் தயாரிப்பாளர் தரும் அளவுப்படத்தை வைத்து மலிவான பிளைவுட்டில் ஒரு பொய் எஞ்சின் செய்யுங்கள். ஆயில் சட்டியின் ஆழம், ஆல்டர்னேட்டர் துருத்தும் இடம், எஞ்சின் நிற்கும் கால்களின் உயரம், ஷாஃப்டை கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் மையம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் அந்த ஷாஃப்டை உருவிவிட்டு, அது வரும் குழாயின் நடுவே ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, பலகை எஞ்சினின் மையம் அந்த நூலில் விழுகிறதா என்று பாருங்கள். எனக்கு விழுந்தது, ஆனால் ஆயில் ஃபில்டர் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றது, கை நுழையவில்லை. பக்கத்துப் படுக்கையின் அடியில் ஒரு சிறு கதவு அறுத்தேன். எஞ்சின் வந்த பிறகு கண்டுபிடித்திருந்தால், 200 கிலோவுக்கு மேலான இரும்பை வைத்துக்கொண்டு அந்த இடுக்கில் ரம்பம் பிடித்திருக்க வேண்டும்.

பழையதை எடுக்க, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறையுங்கள். பாயின் அடியில் படுத்திருக்கும் கட்டையான பூமில் செயின் பிளாக் மாட்டினோம். ஆனால் பூமை நம்பாதீர்கள்: தூக்கும் புள்ளியை மேலிருந்து பிடிக்க ஹாலியார்டு (பாயை ஏற்றும் கயிறு), அதை ஒட்டி பூமுக்குக் கீழே முட்டுக்கொடுக்கக் கட்டைத்தூண், இரண்டும் வேண்டும்.

காலியான அறையைத் தேய்த்துக் கழுவி வெள்ளை பெயின்ட் அடியுங்கள். அடுத்த ஒழுகல் உடனே தெரியும். டீசல் தொட்டியின் அடியில் கறுப்புச் சளி இருக்கும், அதையும் சுரண்டி எடுங்கள். எஞ்சின் பீடத்தின் உயரம் ஏறக்குறைய எப்போதும் மாறும். எனக்கு இருபுறமும் வெட்டி ஃபைபர்கிளாஸில் மறுபடி கட்ட நேர்ந்தது.

ப்ரொப்பெல்லரை மறக்காதீர்கள். என் பழைய கியர்பாக்ஸ் 1:1, புதியது 2:1. ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றுவதால் பெரிய ப்ரொப்பெல்லர் தேவை. நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். சுழலும் திசையும் மாறிவிட்டது. இடச்சுற்று போய் வலச்சுற்று வந்தது. ரிவர்ஸில் வலப்புறம் ஒதுங்கிய பின்பகுதி இப்போது இடப்புறம் ஒதுங்குகிறது. பத்தாண்டுப் பழக்கத்தில் மரீனாவில் திருப்பினேன். பக்கத்துப் படகுக்காரர் மோதலைத் தாங்கும் ஃபெண்டரோடு ஓடி வந்தார்.

எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் புகைக்குழாயில் கலக்கும் இடம் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால், வளைகுழாயில் சைஃபன் உடைக்கும் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் எஞ்சின் நின்ற பிறகு கடல் தானே உள்ளே ஏறும். இன்னொன்று: காற்று புகுந்த டீசல் குழாயோடு ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்தினால், பம்பு தள்ளும் தண்ணீரை வெளியேற்றப் புகை இருக்காது, புகைக்குழாயில் தண்ணீர் தேங்கும் பெட்டியான வாட்டர்லாக் நிரம்பி சிலிண்டருக்குள் திரும்பிவிடும். பழைய எஞ்சினில் ஒருமுறை அதைச் செய்தவன் நான். சில முறைகளில் கிளம்பாவிட்டால் கடல்நீர் வால்வை மூடுங்கள். கிளம்பிய கணமே திறந்துவிடுங்கள்.

கப்ளிங்கைக் கரையிலேயே நேர்செய்து முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். தாங்கிகளில் நிற்கும் படகுக்கு ஒரு வடிவம், மிதக்கும் படகுக்கு வேறு வடிவம். தண்ணீரில் இறக்கி இரண்டு நாள் விட்டேன். பிறகு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் கப்ளிங்கின் நான்கு பக்கமும் அளந்தேன். 4 அங்குல முகத்தில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, எனக்கு 0.4 இருந்தது. எஞ்சினின் ஒரு காலின் நட்டைக் கால்வாசிச் சுற்று திருப்பினால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்துவிட்டது.

கடைசியாகக் கடலில் முழு விசை கொடுத்துப் பாருங்கள். பீட்டா 38 அதற்குரிய நிமிடத்துக்கு 2800 சுற்றைத் தொட வேண்டும். என்னுடையது 2600இல் கறுப்புப் புகையோடு நின்றது. ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். மறுபடி கழற்றி ஒரு அங்குலம் குறைத்துவரச் சொன்னேன். அடுத்த வாரம் 2800ஐத் தொட்டது, புகை இல்லை. 50 மணி நேரத்தில் முதல் ஆயிலை மாற்றினேன், அந்தச் சிறு கதவின் வழியே கையை விட்டு.