சின்ன ஊர் ஆர்ட் காலேஜ்ல பிஎஃப்ஏ படிக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில பிஎஃப்ஏ, அதாவது நாலு வருஷ கவின் கலை இளங்கலைப் படிப்புல, சேர்ற பசங்க நிறைய பேர் முதல் வருஷம் பூரா ஒரே புலம்பல்தான், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில சீட் கெடச்சிருந்தா எங்கயோ போயிருப்பேன்னு. ரெண்டுமே அரசு காலேஜ், ரெண்டுமே இப்ப ஒரே இசை, கவின் கலைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழதான் இருக்கு, வாங்கப் போற பட்டமும் அதேதான். சென்னை காலேஜ் 1850ல ஆரம்பிச்சது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் மாதிரி பேர்போன கலைஞர்கள்லாம் பிரின்சிபாலா இருந்த இடம், டிபார்ட்மென்ட்டும் அங்க ஜாஸ்தி, இல்லைன்னு சொல்லல. செராமிக்ஸ், டெக்ஸ்டைல் தான் வேணும்னா அங்கதான் போகணும். ஆனா பெயிண்டிங்கோ சிற்பமோ எடுத்துக்கிட்டு கும்பகோணத்துல உக்காந்து நாலு வருஷமும் அந்த ஏக்கத்துலயே ஓட்டுறாங்க பாருங்க, மத்த தப்புல பாதி அதுலேந்துதான் வருது.

முதல்ல சார், மேடம்கிட்ட பேசாம இருக்கறது. சின்ன காலேஜ்ல கிளாஸ்ல ஆளு கம்மி, ஒவ்வொருத்தரோட ஈசல் (படத்த நிறுத்தி வரையற ஸ்டாண்ட்) கிட்டயும் வந்து நின்னு பாக்க அவங்களுக்கு நேரம் இருக்கு, இது பெரிய விஷயம். பசங்க என்ன பண்றாங்கன்னா படத்த முழுசா முடிச்சுட்டு, அதுவும் சப்மிஷன் அன்னிக்குத்தான் கொண்டு போய் காட்டுறாங்க, அப்ப அவர் மார்க் போடத்தான் முடியும், வேற என்ன செய்வாரு? பாதியில நிக்கறப்பவே காட்டுங்க. "நல்லாருக்கா சார்"னு கேக்காதீங்க, "இந்தத் தோள்பட்டை உடம்போட ஒட்டாம தனியா நிக்குதே, ஏன் சார்"னு கேளுங்க. கேள்வி குறிப்பா இருந்தா அவரே உங்க சார்கோலை (வரையற கரித்துண்டை) வாங்கி ஓரத்துல போட்டுக் காட்டிடுவாரு.

அடுத்தது எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம். சோழர் கோயில் இருக்கற தாராசுரம் காலேஜ்லேந்து சைக்கிள் மிதிக்கற தூரம், உலோகச் சிலை வார்க்கற சுவாமிமலை கூப்பிடு தூரம், தஞ்சாவூர் பஸ்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இவ்ளோ பக்கத்துல வச்சிக்கிட்டு ஸ்கெட்ச் புக்ல வரையறது பூரா பின்ட்ரெஸ்ட்ல பாத்த யாரோ வெளிநாட்டு மாடலோட முகம். போட்டோவ பாத்து வரையறதுல என்ன கொறைன்னா, முப்பரிமாணத்த தட்டையா மாத்தற வேலைய கேமராவே முடிச்சிடுது, ஓவியன் கத்துக்க வேண்டியதே அந்த வேலைதான். தாராசுரம் ரெண்டாம் ராஜராஜன் காலத்து கோயில், 12ஆம் நூற்றாண்டு, அங்க அடிச்சுவர் பக்கம் நாயன்மார் கதைய கையகல சிற்பங்களா வரிசையா செதுக்கி வச்சிருக்காங்க, அவ்ளோ சின்ன இடத்துல நாலஞ்சு உருவத்த எப்படி அடுக்கறதுன்னு கம்போசிஷன் கிளாஸ்ல சொல்றதெல்லாம் அங்க கண்ணு முன்னாடி இருக்கு. காலையில வெயில் சாய்வா விழறப்ப போங்க, நிழல் நல்லா எழும்பும், உச்சி வெயில்ல போனா எல்லாம் தட்டையாத்தான் தெரியும். செல்போன்ல எடுத்துட்டு வந்துடாம உக்காந்து வரையணும். சிற்பம் எடுத்தவங்க சுவாமிமலை பட்டறையில கேட்டுட்டு ஒரு ஓரமா உக்காந்து பாக்கலாம், மெழுகுல உருவம் பண்ணி, அதுமேல காவிரி வண்டல் மண்ண மெல்லிசா பூசி, காயவச்சு, மெழுக உருக்கி எடுத்துட்டு உலோகத்த ஊத்தற வரைக்கும் இன்னமும் அங்க நடக்குது. இதப் பாக்க வெளிநாட்டுலேந்து ஆளுங்க வர்றாங்க, பக்கத்து காலேஜ் பையன் போகாம இருக்கலாமா. ஞாயித்துக்கெழம மார்க்கெட்டும் ரயில்வே ஸ்டேஷனும் இருக்கவே இருக்கு, ஆள் அசையறதுக்குள்ள வரையற வேகம் அங்கதான் வரும்.

மெட்டீரியல் விஷயத்துல ரெண்டு விதமாவும் தப்பு பண்றாங்க. சிலர் முதல் வருஷமே வீட்ல கடன் வாங்கி காஸ்ட்லி பெயிண்ட் ட்யூப் செட் வாங்கிடறாங்க, அதத் தொடவே பயந்துக்கிட்டு கஞ்சத்தனமா தீட்டுறாங்க. பழகறதுக்கு ஸ்டூடன்ட் கிரேட்னு விக்கற மலிவான பெயிண்டே போதும், அதுல நிறமி கம்மி, கலந்தா சீக்கிரம் மங்கிப் போவும், அது தெரிஞ்சு வேலை செஞ்சா போதும். இன்னும் சிலர் காசு மிச்சம் பண்ணணும்னு பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு) அடிக்காத துணியில நேரா ஆயில் கலர் போடறாங்க, அந்தக் கலர்ல இருக்கற லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், நூலுக்குள்ள எறங்கி கொஞ்ச வருஷத்துல துணியே இத்துப் போயிடும். அடி லேயர்ல எண்ணெய் கம்மியா, மேல போகப் போக ஜாஸ்தியா இருக்கணும், தலகீழா போட்டா காஞ்சப்புறம் பெயிண்ட்ல வெடிப்பு விட்டுடும். அக்ரிலிக் மேல ஆயில் போடலாம், ஆயில் மேல அக்ரிலிக் போட்டா உரிஞ்சு வரும். ஹாஸ்டல் பசங்களுக்கு முக்கியமா ஒண்ணு, லின்சீட் எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போட்டு வைக்காதீங்க, அது தானா சூடாகி தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

ஆர்ட் ஹிஸ்டரி கிளாஸ கட் அடிக்கறதும் வழக்கமா நடக்கறதுதான், இங்கிலீஷ் பயம்தான் முக்காவாசி காரணம். தமிழ்லயே நோட்ஸ் எடுங்க, படத்த பாத்துட்டு யார், எப்ப, எதுல பண்ணினதுன்னு பக்கத்துல சின்னதா வரைஞ்சு வச்சுக்கிட்டா மறக்காது.

கடைசியா போர்ட்ஃபோலியோ, அதாவது அப்ளிகேஷனோட அனுப்பற உங்க படங்களோட தொகுப்பு. பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத்னு முதுகலைப் படிப்புக்கு அப்ளை பண்றப்ப எல்லாரும் ஸ்டில் லைஃப் ஒண்ணு, போர்ட்ரெய்ட் ஒண்ணு, லேண்ட்ஸ்கேப் ஒண்ணுன்னு கதம்பமா கட்டி அனுப்பறாங்க, அதுல நீங்க யாருன்னே தெரியாது. ஒரே விஷயத்த விடாம தொடர்ந்து போங்க. ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டப்ப, 1969ல, காந்திய கறுப்பு மையில வரிசையா வரைஞ்சு கண்காட்சி வச்சாரே, பேப்பரும் மையும்தானே மெட்டீரியல். உங்க தெரு பித்தளைப் பாத்திரக்கடையா இருந்தாலும் சரி, அப்பாவோட டீக்கடையா இருந்தாலும் சரி, மூணாவது வருஷமே ஆரம்பிச்சா நாலாவது வருஷம் முடியறப்ப ஒரு தொடர் கையில இருக்கும். ஒவ்வொரு படத்தையும் சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துடுங்க, ஃப்ளாஷ் போடாம, நிழல்ல சாத்தி வச்சு, கேமராவ படத்துக்கு நேரா நடுவுல புடிச்சு. தலைப்பு, மீடியம், சைஸ், வருஷம் நாலையும் அப்பவே எழுதி வச்சிக்கங்க, அப்ளிகேஷன்ல மொதல்ல கேக்கறது அதத்தான்.